கூண்டுக்குள் கட்டிப்பிடித்து என்ன செய்கிறார்கள்?

கேள்வி: மூன்று வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறேன். கூண்டுச் சண்டையில் இறங்க ஆசை. ஆனால் டிவியில் பார்த்தால், பாதி நேரம் கம்பி வலையில் சாய்ந்து கட்டிப்பிடித்தபடி நிற்கிறார்கள். இது நேரம் கடத்தலா, வித்தையா? நான் முதலில் எதைக் கற்க வேண்டும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நேரம் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களைப் போன்ற குத்துச்சண்டைக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் அந்த வலையோரத்தில்தான்.

திறந்த இடத்தில் ஒருவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தால், இரண்டு காலையும் பின்னால் வீசி, இடுப்பை அவன் முதுகில் போட்டு அமுக்கிவிடலாம். ஸ்ப்ரால் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வலை இருந்தால் கால் எங்கே போகும்? அவன் தலை உங்கள் தாடைக்குக் கீழே முட்டும், தோள் நெஞ்சை அழுத்தும், கைகள் உங்கள் தொடைக்குப் பின்னால் ஒன்றையொன்று தேடும். கோத்துவிட்டால் கபடியில் தொடைப்பிடி விழுந்த மாதிரிதான், தரையில் கிடப்பீர்கள். அதற்கு முன்பே அவன் அக்குளுக்கடியில் கையை நுழைத்துத் தூக்கி, உடம்பைத் திருப்பி, அவன் முதுகை வலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த அண்டர்ஹுக் சண்டைதான் உங்களுக்குக் கட்டிப்பிடிப்பாகத் தெரிகிறது. விழுந்துவிட்டாலும் அதே வலையில் முதுகைச் சாய்த்து ஏறி எழுந்துவிடலாம். விரலால் வலையைப் பிடிப்பது மட்டும் தவறு.

2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸில் கபீப் நூர்மகமெதோவ் - கானர் மெக்ரிகர் சண்டையைப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றில் மெக்ரிகர் வலையில் சாய்ந்து எழப் பார்க்கிறார். கபீப் தன் காலாலேயே அவர் கால்களைப் பின்னிப் பூட்டிவிடுகிறார். எழ வழியில்லை. இரண்டாவது சுற்றில் மெக்ரிகரைச் சாய்த்த வலதுகைக் குத்து, மல்யுத்தக்காரரான கபீப் விட்டது! காலைப் பிடித்துவிடுவானோ என்ற பயத்தில் இருப்பவனுக்கு மேலே வரும் கை தெரியாது என்பது என் கணக்கு. நான்காவது சுற்றில் கழுத்துப்பிடியில் முடிந்தது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1993-இல் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. கூண்டுச் சண்டைப் போட்டியில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் மாட்டி வந்தார். பிடிச் சண்டைக்காரரான ராய்ஸ் கிரேசி அவரைச் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்தார். வெளியே வரத் தெரியாமல் ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார்.

சரி, உங்களுக்கு வருவோம். குத்துவதை விடவேண்டாம். ஆனால் முன்னங்காலில் பாரம் போட்டு நிற்கும் பழக்கத்தை மாற்றுங்கள். அந்தக் காலைத்தான் முதலில் பிடிப்பார்கள். கிளவுஸை முகத்துக்கு நேரே வைத்து ஒளிவதும் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. நாலு அவுன்ஸ் கிளவுஸ், இடைவெளியில் குத்து நுழைந்துவிடும். முதல் ஆறு மாதம் ஸ்ப்ராலும் வலையோரத்தில் எழுவதும் போதும். கழுத்துப்பிடிகள் அப்புறம். பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி சரியாக விழுந்தால் சில நொடிகளில் மயக்கம் வரும். ரோஷம் பார்க்காமல் தட்டுங்கள்.

மல்யுத்தம் பழகும்போது காது உரசி வீங்கும். கொழகொழவென்று இருந்தால் ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்டி நீரை எடுத்துவிடுங்கள். விட்டால் அப்படியே இறுகிவிடும்.