ராணுவ நர்சிங் அசிஸ்டென்ட்: இப்போதே சேர்வதா, டிப்ளமோ முடித்துவிட்டா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 26, பி.எஸ்சி. நர்சிங் படித்திருக்கிறேன். என் தம்பிக்கு 19 வயது. பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்து 71 சதவீதம் வாங்கினான். ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "டி.ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்துவிட்டுப் போனால் பெரிய பதவி கிடைக்கும்" என்கிறார் அப்பா. "அது நாலு வருஷ அக்னிவீர் வேலைதானே" என்று மாமா பயமுறுத்துகிறார். என்ன செய்யலாம்?

பதில்: மாமாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2022-ல் அக்னிபத் திட்டம் வந்தபோது சிப்பாய் பணியிடங்களில் பெரும்பாலானவை நான்கு வருட அக்னிவீர் வேலையாக மாறின. ஆனால் 'சோல்ஜர் டெக்னிக்கல் நர்சிங் அசிஸ்டென்ட்' பிரிவு அதற்குள் வரவில்லை. இது இன்னும் நிரந்தரப் பணிதான். கடற்படையிலும் விமானப்படையிலும் இதற்கு இணையான மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலையும் அப்படியே. ராணுவத்தில் 15 வருட சேவை முடித்தால் பென்ஷன் உண்டு. ஏழாவது ஊதியக்குழுவின் கணக்கில் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய்; ராணுவ சேவை ஊதியமாக 5,200 ரூபாயும், அதற்கு மேல் படிகளும் சேரும்.

அப்பா சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. டிப்ளமோ இருந்தாலும் இந்த வழியில் போகிறவர் சிப்பாயாகத்தான் சேர்கிறார். அங்கிருந்து லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், பிறகு நாயப் சுபேதார் என்று படிப்படியாக ஏறவேண்டும். லெப்டினன்டாக நேரடியாகச் சேரும் ராணுவ செவிலியர் பணி பெண்களுக்கு மட்டுமே. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது உங்களுக்கான செய்தி.

சரி, வேலை எப்படிப்பட்டது? நீங்கள் பார்க்கும் வேலையை மனதில் வைத்துக்கொண்டு தம்பியின் வேலையைக் கற்பனை செய்தால் பாதிதான் பிடிபடும். அவர் முதலில் சிப்பாய், பிறகுதான் மருத்துவ உதவியாளர். லக்னோவில் ராணுவ மருத்துவப் படையின் மையம் இருக்கிறது. அங்கே ஓட்டம், அணிவகுப்பு, துப்பாக்கி என்று அடிப்படை ராணுவப் பயிற்சி முதலில் வரும். அதைத் தாண்டிய பிறகே உடற்கூறு, முதலுதவி, ஊசி, டிரிப், காயத்துக்குக் கட்டுப்போடுவது, குடிநீர்-கழிப்பிடச் சுகாதாரம், ஸ்ட்ரெச்சர் தூக்குவது என்று தொழிற்பயிற்சி. அப்புறம் ராணுவ மருத்துவமனை வார்டுகளில் பழகவேண்டும். இந்தப் படையில் எல்லோரும் வார்டு வேலைதான் பார்க்கிறார்கள் என்றும் இல்லை. ஆய்வகம், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர் என்று பல பிரிவுகள் உண்டு.

மருத்துவமனையில் போஸ்டிங் கிடைத்தால் ஷிப்ட், சார்ட், மருந்து நேரம் எல்லாம் உங்களுக்குப் பழகிய மாதிரியே இருக்கும். ஒரு காலாட்படைப் பிரிவோடு அனுப்பினால் கதையே வேறு. அங்கே 'எம்.ஐ. ரூம்' என்று ஒரு சின்ன மருத்துவ அறை. காலையில் சிக் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உடம்பு சரியில்லை என்று காட்டிக்கொள்ள, வரிசை நிற்கும்: காய்ச்சல், கால் கொப்புளம், வயிற்றுப்போக்கு. டாக்டர் ஒருவர் இருப்பார். ஆனால் பிரிவு பல காவல் நிலைகளில் சிதறி நிற்கும்போது தொலைவில் இருக்கும் நிலையில் மருத்துவம் தெரிந்த ஒரே ஆள் நர்சிங் அசிஸ்டென்ட்தான். பல இடங்களில் ஜவான்கள் அவரையே 'டாக்டர் சாப்' என்று கூப்பிடுவார்கள்.

சியாச்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 18,000 அடிக்கு மேல் நிலைகள் இருக்கின்றன. அந்த உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இதை அங்கே ஹேப்போ என்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், உதடு நீலமாவது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. நேற்று நன்றாக நடந்தவன் இன்று காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பான். உடனே ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கவேண்டும், அதுதான் மருந்து. வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் வராவிட்டால், காற்றடைத்து அழுத்தத்தைக் கூட்டும் பைக்குள் நோயாளியைப் படுக்கவைத்து நேரத்தைக் கடத்துவார்கள். உள்ளே இருப்பவருக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கிய பலன் கிடைக்கும். "தலைவலிதான் சார், சரியாகிவிடும்" என்று மறைக்கிற ஜவானின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். உங்கள் தம்பிக்கு அந்தக் கவனம் இருக்கிறதா என்று யோசியுங்கள். வேகமாக ஓடுவதைவிட அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

போர்முனையில் சிகிச்சையின் வரிசையே மாறிவிடும். கை கால் ரத்தக்குழாய் கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும் என்பதால் முதலில் டூர்னிகெட் என்ற பட்டையை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்துவார்கள். மூச்சுப்பாதை, சுவாசம் எல்லாம் அதற்குப் பிறகு. அதுவும் மறைவிடத்துக்கு இழுத்துவந்த பின்தான். ஜெனீவா ஒப்பந்தப்படி மருத்துவப் பணியாளர்களைத் தாக்கக்கூடாது. தன்னையும் நோயாளியையும் காக்க மட்டும் அவர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பணிக்கு நம் நாட்டில் பெரிய மரபு இருக்கிறது. கொரியப் போரில் இந்தியாவின் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவு, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் வேலை பார்த்தது. 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு அவர்களில் ஒரு குழுவும் பாராசூட்டில் குதித்தது. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கிடைத்தது. அதே பிரிவுதான் 2023 துருக்கி நிலநடுக்கத்தின்போது இஸ்கெண்டெருனில் மருத்துவமனை போட்டது.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். டி.ஜி.என்.எம். முடித்துவிட்டுப் போவதா? இந்தப் பிரிவுக்கு வயது 17½ முதல் 23 வரைதான். தம்பிக்கு 19. மூன்று வருடப் படிப்பை முடிக்கும்போது 22 ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒரு வாய்ப்பு கிடைத்தாலே பெரிது. அந்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தாலும் போச்சு. ஆகவே அவர் மனது உண்மையிலேயே ராணுவத்தில்தான் இருக்கிறது என்றால் காத்திருக்கவேண்டாம், வரும் அறிவிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். டி.ஜி.என்.எம். அட்மிஷனையும் விடவேண்டியதில்லை. சேர்ந்து படித்துக்கொண்டே தேர்வு எழுதலாம். ஒன்று மட்டும் கவனம்: சேரும்போதே, இடையில் விலகினால் அசல் சான்றிதழ்களை எப்போது தருவார்கள், எவ்வளவு கட்டணம் கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ராணுவ ரேலியில் (ஆள்சேர்ப்பு முகாமில்) அசல் மார்க் ஷீட் கையில் இருக்கவேண்டும். "காலேஜில் இருக்கிறது சார்" என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டிப்ளமோவுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் மதிப்பு ராணுவத்தை விட்டு வெளியே வரும்போது தெரியும். நம் ஊர் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பதிவுக்கு அங்கீகாரம் பெற்ற டி.ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் வேண்டும். லக்னோ பயிற்சியை அதற்குச் சமம் என்று நம்பிக்கொண்டு தம்பி போகக்கூடாது. நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று வந்து, கையில் பெரிய அனுபவத்தோடு கவுன்சில் வாசலில் நிற்பது வேதனையான விஷயம். ஓய்வு பெற்றவர்களுக்குக் கதவே இல்லை என்றும் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குகளில் ஒப்பந்தப் பணிக்கு, ராணுவத்தின் 'கிளாஸ் ஒன்' நர்சிங் அசிஸ்டென்ட் தகுதியை ஏற்கிறார்கள். அதனால் தம்பி சேர்ந்தபிறகு, பணித் தகுதியை உயர்த்தும் இந்த வகுப்புத் தேர்வுகளைத் தள்ளிப்போடாமல் கிளாஸ் ஒன் வரை முடித்துவிடவேண்டும். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஒருவேளை ராணுவம் கைகூடாமல் டி.ஜி.என்.எம். முடித்தாலும் சீருடைக் கனவு முடிந்துவிடாது. எல்லைப் பாதுகாப்புப் படையில் சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கிறார்கள், வயது 21 முதல் 30 வரை. என்னைக் கேட்டால், டிப்ளமோ படித்தவருக்கு அது கூடுதல் பொருத்தம்.

தேர்வைப் பொறுத்தவரை, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்கவேண்டும். மொத்தத்தில் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம். தம்பியின் 71 சதவீதம் போதும், ஆனால் தனித்தனிப் பாடத்தையும் ஒருமுறை பாருங்கள். இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: தொழிற்பிரிவில் நர்சிங் குரூப் எடுத்தால் ராணுவ நர்சிங்குக்கு வசதி என்று நினைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அந்தக் குரூப்பில் இயற்பியலும் வேதியியலும் இல்லாததால் விண்ணப்பிக்கவே முடியாது.

முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் ரேலி. எழுத்துத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்கக்கூடாது. ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப்ஸ், பள்ளம் தாண்டுதல், அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை. இதற்காக யாருக்கும் லட்சக்கணக்கில் கொடுக்கவேண்டாம். விண்ணப்பம் ராணுவத்தின் இணையதளத்தில் நேரடியாகப் போடலாம். "ஆபீஸில் ஆள் இருக்கிறார்" என்று பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர், அவ்வளவுதான். சந்தேகம் என்றால் திருச்சி, சென்னை, கோவை ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் கேளுங்கள். இன்னொன்று, இப்போதிருந்தே பேச்சு இந்தி பழகட்டும். நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வது புரியவேண்டுமே!

கடைசியாக உங்களுக்கு. ராணுவ செவிலியர் பணிக்கு பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்களைக் குறுகியகாலப் பணி முறையில் லெப்டினன்டாக எடுக்கிறார்கள். அண்மை அறிவிப்பில் வயது வரம்பு 21 முதல் 35 வரை இருந்தது. உங்களுக்கு 26தான். இந்த அறிவிப்பு வருடாவருடம் ஒரே தேதியில் வருவதில்லை. தம்பிக்காக ராணுவ இணையதளத்தைத் திறக்கும்போதெல்லாம் அதையும் பார்த்துவிடுங்கள். உங்கள் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள்.