சிமென்ட் வரி குறைந்தது, கட்டுமானச் செலவு குறைந்ததா?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் 1,000 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். சிமென்ட் வரி குறைந்தும் கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,400 ரூபாயிலிருந்து இறங்க மறுக்கிறார். தையில் ஆரம்பிக்கலாமா, 2026-இல் விலை இன்னும் இறங்கட்டும் என்று பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். கான்ட்ராக்டர் மேல் உடனே சந்தேகப்படவும் வேண்டாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. வரிக்கு முந்தைய விலை மூட்டை 270 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 346 ரூபாய் கொடுத்திருப்பீர்கள், இப்போது 319. உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை பிடிக்கும். ஆக மிச்சம் 10,800 ரூபாய். 24 லட்சத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. கம்பிக்கு வரி அன்றும் 18, இன்றும் 18. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லியோ 2025 ஏப்ரலில் கனிம நில வரி, கல் உடைக்கும் கிரஷர்களின் வேலைநிறுத்தம் என்று விலை ஏறி நம்மைப் படுத்தி எடுத்துவிட்டன.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: அந்த 2,400-இல் ஜிஎஸ்டி அடக்கமா? பொருளோடு சேர்த்து வேலையை விட்டால், ஜிஎஸ்டி பதிவுள்ள கான்ட்ராக்டர் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் போட வேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் 4,32,000 ரூபாய்! பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் விட்டால், தனி வீட்டுக்கான அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் அந்த வம்பே வேண்டாம், வரி அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

2025-இல் என் சைட்டுகளில் பணம் கரைந்தது பொருள் விலையால் அல்ல, ஆள் வராத நாட்களால். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கும் ஜாக்கிக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், கம்பி கட்ட ஆள் இருக்காது. 2026-இல் இது இன்னும் கூடும். மார்ச் தொடக்கத்தில் ஹோலிக்கு வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். அப்புறம் கோடையில் நமக்குத் தேர்தல், மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் அதே சமயத்தில் தேர்தல். ஓட்டுப் போடப் போனவர் எப்போது திரும்புவார் என்று மேஸ்திரிக்கே தெரியாது. அதனால் தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, மார்ச் கடைசிக்குள் ரூஃப் கான்கிரீட்டை முடித்துவிடப் பாருங்கள். சித்திரை வெயிலில் மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் பாடும் மிச்சம்.

மார்கழியில் பூஜை போட மாட்டீர்கள், சரி. அதற்குள் பிளான் அனுமதியை முடியுங்கள். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

விலை ஏறுமோ என்று பயந்து 400 மூட்டையையும் இப்போதே இறக்கிவிடாதீர்கள். மூன்று மாதம் கிடந்தால் சிமென்டின் பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருப்பார்கள். லாரியிலிருந்து இறக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.