வாசகர் கேள்வி, வக்கீல் பதில்: கோடை விடுமுறையில் எந்த ஆபீஸ்?

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கூடப் படிப்பவர்கள் கோடை விடுமுறைக்குச் சென்னை, மும்பை என்று பெரிய நிறுவனங்களுக்கு இன்டர்ன்ஷிப் போகிறார்கள். அமெரிக்காவில் 'சம்மர் அசோசியேட்' என்று சேர்த்துக் கை நிறையச் சம்பளமே தருகிறார்களாம். எனக்குக் கிடைத்திருப்பது ராமநாதபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸ். போனால் ஒரு மாதம் வீணாகிவிடுமா?
– சட்ட மாணவி, தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் எழுதுவதை அந்த வக்கீல் படித்துத் திருத்தித் தருவார் என்றால் வீணாகாது. சேரும் முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். "பார்க்கலாம்மா" என்று இழுத்தால் வேறு ஆபீஸ் தேடுங்கள், அது மும்பையில் இருந்தாலும் சரி.

அமெரிக்கக் கதை வேறு. அங்கே மூன்று வருடப் படிப்பில் இரண்டாம் வருடம் முடித்தவர்களைப் பெரிய நிறுவனங்கள் சுமார் பத்து வாரம் வைத்துக்கொள்ளும். புதிதாகச் சேரும் வக்கீலின் சம்பளக் கணக்கில் பணம் தரும், கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு வேலையும் தரும். அவர்கள் ஆள் எடுக்கிற முறையே அதுதான். நமக்கு இன்டர்ன்ஷிப் பட்டத்துக்கான கட்டாயம். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், ஒரு வருடத்தில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் இருவரிடமும் ஒரு முறையாவது இருந்தாக வேண்டும். முதலாவதை ராமநாதபுரத்தில் முடித்துவிட்டு, இரண்டாவதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம். சம்பளம் எதிர்பார்க்காதீர்கள். பஸ் காசு கேளுங்கள், அதில் வெட்கமில்லை.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும். விசாரணை பார்க்கத்தான் ஆசை என்றால் ஜூனில் போங்கள். ஆனால் ஆபீஸ் வேலை கற்க நம் கரையில் மே மாதம்தான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு அப்போதுதான் வருவார்கள்.

நான் மாணவியாக ராமநாதபுரத்தில் சேர்ந்ததும் ஒரு மே மாதத்தில்தான். பாம்பனிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் போன வல்லம் கரை திரும்பவில்லை. ஏழு வருடம் கடந்தும் இறப்புச் சான்றிதழ் இல்லை. அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் கிடைக்காது, பாங்கில் கிடக்கும் பணத்தையும் எடுக்க முடியாது. ஒருவரைப் பற்றித் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருடம் எதுவும் தெரியவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அன்று அது சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியம் 111.

வகுப்பில் அரை மணியில் முடிந்துபோகிற பிரிவு. சீனியர் என்னை அந்த அக்கா பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார். கடைசியாக அவரைப் பார்த்தது யார், கூடப் போனவர்கள் யார், போலீஸில் எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், மாமியாருக்கோ சர்ச் ஃபாதருக்கோ அக்கரைச் சொந்தக்காரர்களுக்கோ ஏதாவது சேதி வந்ததா? அக்கா அழவில்லை. ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். அதை வைத்து, கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டு நான் பிராது எழுதினேன். 'பரிதாபமான நிலையில்' என்ற இடத்தை சீனியர் அடித்துவிட்டு, "தேதியைப் போடும்மா, பரிதாபம் ஜட்ஜுக்கே தெரியும்" என்றார். திரும்பத் திரும்ப எழுதவைத்தார். ஜூனில் கோர்ட் திறந்ததும் தாக்கல் ஆனது. இன்றைக்கும் பிராது எழுதும்போது முதலில் தேதிகளைத்தான் வரிசையாக எழுதிக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முந்தைய குற்ற வழக்குகளில் பழைய சட்டங்களும் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பழசு புதுசு இரண்டையும் படித்துவிட்டுப் போங்கள். கட்சிக்காரர் சொன்னதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். தங்கச்சிமடத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

கேள்வி: மகளை வக்கீல் ஆபீஸுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. பாதுகாப்பு உண்டா?
– ஒரு தாய், தொண்டி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. வக்கீல் ஆபீஸ் சூடுபிடிப்பதே மாலை ஆறு மணிக்கு மேல்தான். கடைசி பஸ்ஸைக் கணக்கிட்டு, கிளம்பும் நேரத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். நீங்களும் ஒரு தடவை கூடப் போய் ஆபீஸைப் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். எங்கே கொடுப்பது என்று கலெக்டர் ஆபீஸில் சொல்வார்கள். இதை மகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.