தடைக்காலத்தில் வந்த கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் உச்சிப்புளியில் இருக்கும் என் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்போன்களைவிடக் கேள்விகள்தான் அதிகமாக வந்து சேரும். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொல்லிப் பலர் கேட்டதால் சிலவற்றை எழுதுகிறேன். ஊரைத் தவிர யாருடைய பெயரையும் போடவில்லை. அந்தரங்கத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் பெயரை வெளியிட்டால் என்னைத்தான் திட்டுவீர்கள்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவர்: அக்கா, திறமூல மென்பொருள் என்றால் இலவச மென்பொருள்தானே? சும்மா கொடுத்துவிட்டு அதை எழுதியவர் எப்படிச் சாப்பிடுவார்?

காசு இல்லாமல் கிடைப்பது அதில் இரண்டாம் பட்சம்தான், தம்பி. மென்பொருளின் நிரலை யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்து வைப்பதுதான் திறமூலம். உங்கள் அப்பாவின் படகு எந்திரத்தை நினைத்துப் பாருங்கள். கோளாறு என்றால் மூடியைக் கழற்றுகிறார், சுத்தம் செய்கிறார், கம்பெனி உதிரி கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து வாங்கிப் பொருத்துகிறார். அந்த மூடியைப் பற்றவைத்து அடைத்து, "எங்கள் ஆள் வந்துதான் திறப்பார்" என்று விற்றால் எந்தப் படகுக்காரர் வாங்குவார்? கணினியில் மட்டும் அதற்குத் தலையாட்டிவிட்டோம். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் திறந்து திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தது இந்த மூடிக்கு எதிராகத்தான். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, அதனோடு சேர்ந்துகொண்டது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனுக்கு அடியில் ஓடுவதும் அந்தக் கெர்னல்தான்.

சாப்பாட்டு விஷயம் பாதி நல்ல செய்தி, பாதி கெட்ட செய்தி. நிரலைத் திறந்து வைத்துவிட்டுப் பராமரிப்புக்குக் கட்டணம் வாங்கி வளர்ந்த ரெட் ஹேட் நிறுவனத்தை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மறுபுறம், உலகத்துக் கணினிகளில் பாதிக்கு வேண்டிய சில்லறைக் கருவிகளை யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பராமரிக்கிறார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவி அப்படிப்பட்டது. உதவிக்கு வந்தவர் போல நடித்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, அதற்குள் ஒரு கள்ள வாசலை வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைப் பிடித்தார். காரணம், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனது அவருக்கு உறுத்தியது. மூடி திறந்திருந்ததால்தான் அவரால் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தது.

நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்த 2003-இல் புனேயில் பேசும்போது, இந்தியாவுக்குத் திறமூல மென்பொருள் பெரிய அளவில் வந்தாக வேண்டும் என்றார். மைக்ரோசாஃப்ட்டின் பில் கேட்ஸைச் சந்தித்தபோது இருவருக்கும் கருத்து வேறுபட்டதையும் அதே பேச்சில் சொன்னார். அவர் படத்தை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே திருட்டு விண்டோஸ் ஓட்டும் கணினி மையங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

திருப்பாலைக்குடி, அஞ்சல்வழியில் படிப்பவர்: பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி நத்தையாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கு இனிப் புதுப்பிப்பு இல்லை என்றும் சொல்கிறார்கள். எடைக்குப் போட்டுவிடலாமா?

எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும், ஒரு கிலோ நகரை மீன்கூட வாங்க முடியாது. வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மைதான். ஆனால் நின்றது மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு, உங்கள் கணினி அல்ல. முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். சென்ற வாரம் இதே வகை மடிக்கணினி ஒன்றைத் திறந்தேன். விசிறி இறக்கைகளில் தூசியும் உப்புக்காற்றும் சேர்ந்து வெல்லப்பாகு போல அப்பியிருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டியெடுத்த பிறகுதான் விசிறி சுற்றியது. பிறகு பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போடுங்கள். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற திறமூல இயங்குதளத்தின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். அதற்கு 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் தாராளம். கடிதமும் கணக்குப் பட்டியலும் எழுத லிப்ரே ஆஃபிஸ் கூடவே வரும், தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டேலி என்ற கணக்கு மென்பொருளை நம்பி வேலைக்குப் போகிறவர் என்றால் விண்டோஸை விட்டுவிடாதீர்கள், லினக்ஸுக்கென்று டேலி இல்லை. பிரிண்டர் சில சமயம் ஒருநாள் முழுக்கச் சண்டை போடும்.

மண்டபம், விசைப்படகு உரிமையாளர்: அந்தரங்கம் அந்தரங்கம் என்கிறாயே மகளே, என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஐயா, கடைசியாகக் கடலுக்குப் போனபோது எந்தப் பாரில் வலை விட்டீர்கள்? பக்கத்துப் படகுக்காரர் கேட்டால் சொல்வீர்களா?

ராமேஸ்வரம், விடுதி ஊழியர்: அறை கொடுக்க ஆதார் நகல் வாங்குகிறோம். கட்டுக்கட்டாகச் சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. சில ஆண்டுகளுக்கு முன் அக்னி தீர்த்தக் கரையில் சுண்டல் வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத்தைப் பிரித்தால், வடநாட்டு அம்மா ஒருவரின் முகம், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பன்னிரண்டு இலக்கமும் எண்ணெய்க் கறையோடு என்னைப் பார்த்தன. புண்ணியம் தேடி வந்தவருக்கு இது தேவையா? தங்க வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பது நியாயம். அதற்கு மறைக்கப்பட்ட ஆதார் இருக்கிறது. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும். வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தேவை முடிந்த நகல்களைக் கிழித்து எரித்துவிடுங்கள், பழைய பேப்பர் கடைக்கு அனுப்பாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சுண்டல் கடை வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

கீழக்கரை, இல்லத்தரசி: வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. இலவச விபிஎன் போட்டால் பேசலாம் என்கிறார்கள். போடலாமா அக்கா?

வாட்ஸ்அப் அழைப்பைத் தடுத்து வைத்திருப்பது அமீரகத்தில். இங்கே நீங்கள் போடுவதால் பயனில்லை, அங்கே அவர் போட வேண்டும். அதுதான் வம்பு. தடை செய்யப்பட்டதைச் செய்வதற்காக விபிஎன்னைப் பயன்படுத்துவதற்கு அமீரகச் சட்டத்தில் 5 லட்சம் திர்ஹம் முதல் 20 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. எத்தனை பேர் மாட்டினார்கள் என்ற கணக்குக்குள் போக வேண்டாம். அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில் பேசுங்கள். இலவச விபிஎன் என்பது நம் கடிதங்கள் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வழியாக அனுப்புவது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். காசு வாங்காதவர் எதை விற்றுக் கடை நடத்துகிறார் என்று யோசியுங்கள்.

சாயல்குடி, ஒரு தாய்: பையன் விடிய விடிய செல்போனில் விளையாடுகிறான். என் கணக்கிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் போய்விட்டது.

விளையாட்டைத் திட்டும் முன் அது எந்த விளையாட்டு என்று பாருங்கள். பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர் என்றால் அது சூதாட்டம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. இன்னும் ஆடச் சொல்லி இணைப்பு வந்தால் அது கள்ளக்கடை. பணம் அதில் போயிருந்தாலோ யாராவது ஏமாற்றி எடுத்திருந்தாலோ, தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெறும் துப்பாக்கி விளையாட்டில் சட்டை, தொப்பி வாங்கியிருந்தால் பையனைக் கூப்பிட்டுக் கணக்குக் கேளுங்கள். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ ரகசிய எண்ணை அவன் முன்னால் அழுத்தாதீர்கள்.

நானும் விளையாடுகிறவள்தான். கடையில் ஆள் இல்லாத மதியங்களில் 0 ஏ.டி. என்ற திறமூல விளையாட்டில் கோட்டை கட்டுவேன், அதில் மௌரியப் படைகூட உண்டு. என் அண்ணன் மகளுக்குப் பிடித்தது சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற திறமூல வண்டிப் பந்தயம். இரண்டிலும் "இன்னும் நூறு ரூபாய் கட்டினால் ஜெயிக்கலாம்" என்று யாரும் காதில் ஓதுவதில்லை. உங்கள் பையனுக்கு இவை பழைய சோறு போலத் தோன்றும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்: கடலுக்குள் டவர் கிடைப்பதில்லை. செல்போன் வரைபடம் எல்லையைச் சரியாகக் காட்டுமா, தங்கச்சி?

இருக்கும் இடத்தைக் காட்டும் அண்ணே. ஜிபிஎஸ் என்பது வானொலி போலத்தான், நான்கு செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பு கிடைத்தால் இடத்தைச் சொல்லிவிடும். அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டவர் வேண்டியது வரைபடத்தை இறக்கத்தான். ஆகவே கரையிலேயே ஆஸ்ம்அண்ட் செயலியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தகவலில் ஓடுவது, உங்கள் மகன்கூட விடுபட்ட தெருவைச் சேர்க்கலாம்.

எல்லை வேறு விஷயம். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த கோட்டைத் தன்னார்வலர்கள் பார்த்து வரைந்ததுதான் அந்தப் படத்தில் இருக்கும். அதைக் காட்டி இலங்கைக் கடற்படையிடம் வாதாட முடியாது. படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைக் கழற்றாதீர்கள். செல்போன் அதற்குத் துணை, அவ்வளவுதான்.

அதே மீனவர்: சார்ஜ் ஏறும் துளையில் பச்சையாக என்னவோ பூத்திருக்கிறது.

அது உப்புநீரில் செம்பு அரித்து வரும் களிம்பு. ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். அணைத்துவிட்டு நாளைக் காலையிலேயே கொண்டுவாருங்கள்.