குச்சி துளிர்த்ததும் தட்டு வாங்கப் போகாதீர்கள்

கேள்வி: அடி பருத்த ‘ஜின்செங் ஃபைகஸ்’ (ஆல், அத்தி இனம்) போன்சாய் ஒன்று பரிசாக வந்தது. அதிலிருந்து ஆறு குச்சிகள் வெட்டி நட்டேன். நான்கு அடியிலிருந்து கறுத்து அழுகிவிட்டன. மீதி இரண்டில் மூன்றாவது வாரம் தளிர் வந்திருக்கிறது. ‘இப்போதே போன்சாய் தட்டுக்கு மாற்றினால்தான் குள்ளமாகப் பழகும்’ என்கிறார் போன்சாய் கிட் (தட்டு, கம்பி, மண் அடங்கிய தொகுப்பு) விற்பவர். மாற்றலாமா? தாய்ச்செடி போலவே இதற்கும் அடி பருக்குமா?

பதில்: மாற்றாதீர்கள். இன்றைக்கும் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம்.

தளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குச்சிக்குள் முன்பே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் ஈரத்தையும் கொண்டே மொட்டு விரிந்துவிடும். அந்தக் கையிருப்பு தீரும்போது வேர் இல்லையென்றால் தளிர் தொங்கிவிடும். ‘நன்றாகத்தானே வந்தது, திடீரென்று செத்துவிட்டது’ என்று பலர் சொல்வது இதைத்தான். வேர் பிடித்ததா என்று குச்சியை இழுத்துப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். புதுவேர் நூல்போல இருக்கும், லேசாக அசைத்தாலே அறுந்துபோகும். அடுத்த முறை அடியில் ஓட்டை போட்ட, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, வெளியே கறுப்புத் தாளைச் சுற்றி வையுங்கள். தாளை விலக்கினால் சுவரோரம் வெள்ளை வேர் ஓடுவது தெரியும். தொட்டியில் நட்டிருந்தால் அடி ஓட்டையில் வேர் நுனி எட்டிப் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

நான்கு குச்சி ஏன் போயின? எதில் நட்டீர்கள் என்று எழுதவில்லை. எருக் கலந்த தோட்ட மண்ணாகத்தான் இருக்கும். வேரில்லாத குச்சிக்கு உரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லை. ஈரம் தேங்கும் மண்ணில் வெட்டுவாய் அழுகத்தான் செய்யும். கழுவிய பெருமணலும் தென்னை நார்த்தூளும் சரிபாதி, அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கலந்த நார்த்தூள் போதும். பென்சில் பருமனில், முற்றியும் முற்றாமலும் உள்ள கிளையை ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே, நன்கு தீட்டிய கத்தியால் வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி பட்டையை நசுக்கிவிடும், அழுகல் அங்கேதான் தொடங்கும். ஃபைகஸில் பால் வடியும். அது நிற்கும்வரை வெட்டுவாயைத் தண்ணீரில் வைத்துத் துடைத்துவிடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே இரண்டு மூன்றை மட்டும் விடுங்கள். பெரிய இலையானால் பாதியாக நறுக்கலாம். மேலே பாலித்தீன் பை கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். பைக்குள் நேர் வெயில் பட்டால் குச்சி வெந்துவிடும்.

வேர்விடத் தூண்டும் ஹார்மோன் பொடி ஃபைகஸுக்குக் கட்டாயமில்லை. போட்டாலும் வெட்டுவாயில் ஒட்டும் அளவு போதும். கூடினால் கெடுதல்.

இனி அந்தக் கிட் விஷயம். சிறு தட்டில் வைத்தால் செடி ‘குள்ளமாகப் பழகும்’ என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. தட்டு வளர்ச்சியை மட்டுப்படுத்தும். ஆனால் தண்டு பருப்பதையும் சேர்த்தே நிறுத்திவிடும். பென்சில் குச்சியைத் தட்டில் வைத்தால் பல வருடம் கழித்தும் ஏறக்குறைய பென்சில் குச்சியாகத்தான் இருக்கும். அடிமரம் பருக்க வேண்டுமானால் இலை நிறைய வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். தரையிலோ அகலமான தொட்டியிலோ சில வருடம் தாராளமாக வளர விட்டு, பிறகு வெட்டிக் குறுக்கித்தான் நல்ல போன்சாய் செய்கிறார்கள். முதலில் செடி, பிறகுதான் தட்டு. இதைச் சொன்னால் கிட் விற்காது. அதனால் தட்டு, கிளையை வளைக்கக் கம்பி, ‘போன்சாய் மண்’, போதாக்குறைக்கு ஒரு சான்றிதழ் வகுப்பு என்று முதல் நாளே தலையில் கட்டிவிடுகிறார்கள். ‘போன்சாய் விதை’ விற்பவர்களும் உண்டு. அப்படி ஒரு விதையே கிடையாது, எல்லாம் சாதாரண மர விதைதான். வேர்விடாத குச்சியைத் தட்டில் செருகி, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்பதும் நடக்கிறது. கல் அசையவில்லையென்றால் வாங்காதீர்கள். என்ன செடி என்று சீட்டில் பெயர்கூட இருக்காது; ‘போன்சாய்’ என்று மட்டும் இருக்கும். ரசீதின் கீழே ‘உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று மட்டும் தவறாமல் அச்சடித்திருப்பார்கள். மிட்டாய் உறையில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கிறது, மரத்துக்கு அது வேண்டாமாம்!

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குச்சியிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் நகல்தான். இலை, வளரும் விதம் எல்லாம் அதேதான். ஆனால் ஜின்செங் ஃபைகஸில் நீங்கள் ஆசைப்படும் அந்தப் பருத்த கால்கள் தண்டே அல்ல, வேர்! விதையிலிருந்து வளர்த்த நாற்றின் வேர் மண்ணுக்குள் பருத்ததும் அதை வெளியே தெரியும்படி தூக்கி வைத்து, உச்சியை வெட்டி, சிறிய இலை கொண்ட கிளைகளை ஒட்டுக் கட்டுகிறார்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இப்படித் தயாரானவைதான். உங்கள் செடியில் கிளை தொடங்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். ஒரு முண்டு, பட்டை நிறத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதற்குக் கீழிருந்து ஏதாவது துளிர்த்தால் இலை வேறு மாதிரி, பெரும்பாலும் பெரிதாக இருக்கும். மேலே வெட்டிய குச்சி ஒட்டுக் கிளையின் நகல். கீழே வெட்டியது அடிச்செடியின் நகல். எதை நட்டாலும் அந்தக் கிழங்குக் கால் வராது, நாற்றுக்கு மட்டுமே உரிய உடம்பு அது. மற்ற ஃபைகஸைப் போல வேரைச் சுற்றிலும் பரப்பி, அடிமரத்தைப் பருக்க வைத்து அழகாக்கலாம். அதில் குறையொன்றுமில்லை, ஆனால் அது வேறு மரம். பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: துளிர்த்த இரண்டையும் அசைக்காமல் விடுங்கள். வேர் தெரிந்ததும் பையில் ஓட்டை போட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். பிறகு தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, புது இலை வரத் தொடங்கியதும் நீர்த்த உரம் கொடுங்கள். கவாத்து, கம்பி எதுவும் வேண்டாம். அடியோரம் ஒரு கிளையை வெட்டாமல் நீள விடுங்கள், அதற்குக் கீழுள்ள தண்டு வேகமாகப் பருக்கும். கிட்டைப் பிரிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரித்திருந்தால் கம்பியை மட்டும் எடுத்து வையுங்கள், அது கெடாது.