நடையை நடத்துவது யார்? கேள்வி பதில்

கே: எந்தக் கால் எப்போது எழ வேண்டும் என்று மூளைதானே சொல்கிறது?

கிளம்பு, நில், திரும்பு என்பதுவரை மூளை. அடிக்கு அடி கணக்கு பெரும்பாலும் தண்டுவடத்தில். மார்புப் பகுதியில் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனையும், பயிற்சி கொடுத்தால், ட்ரெட்மில்லில் பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைக்கும். பெல்ட் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். மூளையிலிருந்து செய்தி வர வழியே இல்லை; வேகத்தைச் சொன்னது கால்கள்தான்.

கே: எப்படிச் சொல்கின்றன?

முக்கியமாக இரண்டு தகவல்கள். கால் பின்னால் போகப் போக, இடுப்பை மடக்கும் தசைகள் இழுபடும். 'இனி எழலாம்' என்பது அது. கெண்டைக்கால் தசைநாணில் இருந்து இழுவிசையை உணரும் கோல்ஜி உறுப்போ 'பாரம் இன்னும் என் மேல்' என்று தடுக்கும். மற்றக் கால் ஊன்றிப் பாரத்தை வாங்கியதும் தடை விலகும். ஆக, இரு கால்களுக்கும் இடையே நரம்பு மட்டுமல்ல, உடம்பின் எடையும் தூது போகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கே: கோல்ஜி உறுப்பு தசையைத் தளர்த்தும் என்றல்லவா படித்தோம்?

அசையாத காலில் சரி. நடையில் அதே செய்தி, ஊன்றும் தசைகளை இன்னும் இறுக்கும். சும்மா கிடக்கும் காலில் அளந்ததை நடக்கும் காலுக்கு ஒட்டாதீர்கள்.

கே: நடந்தால் கால் மரத்துப்போகிறது.

மருத்துவரிடம் போங்கள்.

கே: 1911-இல் உடலியல் ஆய்வாளர் கிரஹாம் பிரவுன் உணர்நரம்புகளை வெட்டிய பிறகும் பூனையின் தசைகள் மாறி மாறி இயங்கினவே! அப்படியானால் நீங்கள் சொல்வதெல்லாம் வெறும் அலங்காரமா?

தாளம் இருந்தது, மறுக்கவில்லை. தாளம் மட்டும் நடை ஆகிவிடாது. 2014-இல் வெளியான ஆய்வில், தசைக்கதிர் (தசை நீள்வதை உணரும் உறுப்பு), கோல்ஜி இரண்டின் செய்தியும் இல்லாத சுண்டெலிகளுக்கு மூட்டுகளின் ஒத்திசைவே குலைந்தது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் முறை வைத்து இயங்கவில்லை.

கே: அப்போ ஒரு அனிச்சைச் செயல் அடுத்ததைத் தூண்டும் சங்கிலிதான் நடை என்ற, உடலியலாளர் ஷெரிங்டன் கட்சியா நீங்கள்?

இல்லை சார். சங்கிலி மட்டும் போதும் என்றால் கிரஹாம் பிரவுன் கண்ட தாளம் எங்கிருந்து வந்தது? தாளம் தண்டுவடத்தினுடையது, எப்போது அடுத்த அடி என்பது காலினுடையது.

கே: முழங்காலில் தட்டினால் உதைப்பதும் மூளை வேலையா?

மறுபடியும் மூளையா! இல்லை. அதுவும் தண்டுவடம்.

கே: இதெல்லாம் பூனைக்கு. மனிதனுக்கு?

அப்படியே ஒட்டக்கூடாதுதான். ஆனால் நடை பழகாத கைக்குழந்தையை ட்ரெட்மில் மேல் தாங்கிப் பிடித்தால் அடி வைக்கும். இடுப்பு பின்னே நீண்டு பாரமும் குறைந்தால், அங்கேயும் கால் எழுகிறது.