ஊருக்கு உதவ வசூலில் இறங்குமுன் ஒரு வார்த்தை, தம்பி

தம்பி, சிங்கப்பூர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்களை வாட்ஸ்அப்பில் சேர்த்து ஓர் ஊர்ச் சங்கம் ஆரம்பித்து, நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டப் பேநவ் (போன் எண்ணை வைத்து வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் வசதி) வழியாக வசூல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செங்காங்கில் அறை வாடகை, நல்ல சாப்பாட்டுக் கடை, சம்பளச் சீட்டில் வரும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடித்தம் பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. வாடகையும் சாப்பாடும் உங்களோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். வசூலைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான்.

2004 செப்டம்பரில் வந்தேன். எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதி அப்போதுதான் வந்த புதிது. ஓர் அறையில் ஆறு பேர். டிசம்பர் 26 காலை எங்கள் நாகப்பட்டினத்தைக் கடல் அடித்துக்கொண்டு போனது. இரண்டு நாள் ஊருக்குப் போன் கிடைக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காலி மைலோ டின்னின் மூடியைச் சமையல் கத்தியால் கீறி, ‘நாகை சுனாமி நிவாரணம்’ என்று தாளில் எழுதி ஒட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு தெரு முனையில் நின்றோம். சனம் கேட்காமலே போட்டது. கட்டட வேலை செய்யும் ஒருவர் சட்டைப் பையில் இருந்த இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டை நான்காக மடித்துத் திணித்துவிட்டு, “நான் அக்கரைப்பேட்டை” என்று மட்டும் சொன்னார். அது எங்கள் நாகை மீனவக் கிராமம். முக்கால் மணி நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, “உரிமம் எங்கே?” என்றார். எங்கள் அட்டை எண்களை எழுதிக்கொண்டு டின்னை மூடச் சொன்னார். அன்றிலிருந்து மூன்று வாரம், கதவு தட்டப்பட்டாலே வயிறு கலங்கியது. கடைசியில் எங்கள் சீன சூப்பர்வைசர்தான் வழி சொன்னார். டின்னை அப்படியே செஞ்சிலுவைச் சங்கத்தில் ஒப்படைத்தோம். 143 வெள்ளி. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் போலீஸ்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெருவிலோ வீடு வீடாகவோ வசூலிக்க உரிமம் வேண்டும் என்ற சட்டம் இங்கே 1947 முதல் இருக்கிறது. வெளிநாட்டு நற்காரியத்துக்குப் பொதுமக்களிடம் பணம் கேட்பதென்றால் அறநிறுவன ஆணையரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் கேட்டாலும் இதே விதிதான். அனுமதி கிடைத்தாலும், திரட்டியதில் 80 சதவீதம் சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும், 20 சதவீதம்தான் வெளியே போகலாம் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு ஆணையர் தளர்வு தரலாம். பள்ளிக் கழிப்பறை பேரிடர் கணக்கில் வராது.

சங்கம் என்று பெயர் வைத்து, தலைவர், செயலாளர் போட்டு, பத்துப் பேர் சேர்ந்துவிட்டாலே 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிய வேண்டும். நம்மில் சிலர் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. பொன்னாடை, மேடை, போட்டோ எல்லாம் உண்டு, வரவு செலவுக் கணக்கு மட்டும் கிடையாது. கேட்டால், “நம்ம ஊருக்குச் செய்ய எதுக்கு அனுமதி?” என்பார்கள். சிங்கப்பூர் ஏன் இப்படிக் கறாராக இருக்கிறது என்று 2005இல் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி வாங்கியதும், தங்க முலாம் பூசிய குழாய் விவகாரமும் நீதிமன்றத்தில் வெளிவந்தபோது, மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி கொடுத்து வந்தவர்கள் கொதித்துப்போனார்கள். அதன் பிறகுதான் கண்காணிப்பு இறுகியது. அது சரிதான் என்பேன்.

இனி இந்தியப் பக்கம். அங்கே எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு அதன்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நீங்கள் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. ஆனால் நாற்பது பேர் பணம் உங்கள் பேநவ் கணக்கில் சேர்ந்த பிறகு அது உங்கள் சேமிப்பு இல்லை. நாற்பதில் இரண்டு பேர் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்தால் இன்னும் சிக்கல். அதனால் நீங்கள் கொடுப்பதை நீங்களே நேராகக் கொடுங்கள், உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். நண்பர் யாரும் தாமாக விரும்பினால் அவரும் அப்படியே. அரசுப் பள்ளி என்பதால், 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கென்று தமிழக அரசு ஆரம்பித்த ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தையும் பாருங்கள். வங்கிக்கு வெளியே கள்ளத்தனமாகப் பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள், வெள்ளிக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தாலும் சரி.

பாஸ்போர்ட்டை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2009இல் கூடப் படித்தவர்களோடு சேர்ந்து ஊரில் ஒரு சின்ன டிரஸ்ட் ஆரம்பித்தேன். மீனவப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன். 2015இல் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தேன். அடுத்த வருடம் வழக்கம்போல இரண்டாயிரம் வெள்ளி அனுப்பினேன். டிரஸ்டின் ஆடிட்டர் போன் செய்தார்: “அண்ணே, நீங்க இப்ப ஃபாரின் சோர்ஸ். உங்க பணம் வெளிநாட்டுப் பணம். திருப்பி அனுப்புறேன்.” வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அதே கதைதான். அந்தக் கட்டடத்தின் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் இருக்கும் என் தம்பியின் கணக்குக்கு அனுப்பி அவன் பெயரில் கொடுக்கச் சொல் என்று இங்கே நாலு பேர் யோசனை சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நாளைக்கு ஒரு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது அங்கே சம்பளமில்லாமல் பாடம் நடத்தும் பெண்கள்தான். டிரஸ்டே எஃப்சிஆர்ஏ பதிவு வாங்கலாம் என்றால், இப்போதைய விதிப்படி மூன்று வருடத்தில் பதினைந்து லட்சம் ரூபாய் செலவழித்துக் காட்ட வேண்டும். எங்கள் டிரஸ்ட் எங்கே போகும் அதற்கு? பதிவு பெற்ற பெரிய டிரஸ்ட் பணத்தை வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்களுக்காகவே எழுதிய சட்டம் போல இருக்கிறது, இதை நான் எங்கேயும் சொல்வேன்.

இப்போது டிரஸ்ட் என் தம்பியும் உள்ளூர் ஆட்களும் போடும் பணத்தில் நடக்கிறது. நான் சனிக்கிழமை காலையில் இங்கே சிண்டா துணைப்பாட வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும் பிடித்தம் அதற்குத்தான் போகிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களிடமும் பிடிப்பார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், ஆனால் விட்டுவிடுங்கள், நல்ல காரியம். போன வாரம் ஒரு பையன் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, “சார், நாகப்பட்டினத்துல கடல் இருக்கா?” என்று கேட்டான். வகுப்பு முடிந்தும் அரை மணி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன்.